ஸர் ராபர்ட் வால்போலும் புகையிலை வரியும்

எந்த நாட்டுப் பார்லிமெண்டிலும் ஆரவாரமான நாட்கள் சில. அலுப்பூட்டும் நாட்கள் பல. யுத்தமா, சமாதானமா என்ற விவாதம் நடக்கும் நாளில் பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைப்பது அரிது. புகையிலைக்கு இவ்வளவு தீர்வை, உப்புக்கு இவ்வளவு, தேயிலைக்கு இவ்வளவு என்று மந்திரி அட்டவணை படிக்கும் நாளிலோ அங்கத்தினர்களே கொட்டாவி விடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் அச்செய்தி ஒரு மூலையில் நாலு வரியாக முடிந்துபோகிறது. பத்திரிகை நடத்தும் நாமும் இக்குற்றத்திற்கு உட்பட்டவர்களே. ஆயினும், ஜனங்களின் சுதந்திரம் பெரும்பாலும் நிர்ணயிக்கப்படுவது இந்த அலுப்பூட்டும் நாட்களிலேதான் என்பது எமது அபிப்பிராயம். இதற்கு ஸர் ராபர்ட் வால்போலின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் வேறில்லை. ஏறக்குறைய இருபத்தொரு வருஷகாலம் இங்கிலாந்தின் ராஜாங்கத்தை நடத்திய அந்த மந்திரி, யுத்தத்தினாலன்று, புரட்சியினாலன்று, புகையிலையைப் பற்றிய ஒரு சாதாரண மசோதாவினால் பதவியே பறிபோகும் நிலைக்கு வந்தார்.

வால்போல் 1676-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி நார்போக் ஜில்லாவில் ஹௌட்டன் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை நிலச்சுவான்தார், பார்லிமெண்டு அங்கத்தினர். மூன்றாவது மகனாகிய இவரைப் பாதிரியாக்கவேண்டும் என்பதே குடும்பத்தின் எண்ணம். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் படித்தார். தமையன்மார் இருவரும் இறந்துபோகவே, 1698-ல் படிப்பை விட்டு நிலபுலன்களைக் கவனிக்க ஊர் திரும்பினார். 1700-ல் தந்தை காலமானார். அடுத்த வருஷமே, தந்தை வகித்த காஸில் ரைஸிங் ஸ்தானத்திலிருந்து காமன்ஸ் சபைக்குச் சென்றார். 1702 முதல் கிங்ஸ் லின் துறைமுகத்தின் பிரதிநிதியானார். பருத்த தேகம், சிவந்த முகம், கிராமத்தாரைப்போன்ற வெளிப்படையான பேச்சு. ஆனால் கணக்கில் நுட்பமான புத்தி. சபையில் இலக்கங்களைச் சொல்லும்போது மற்றவர்களுக்கு வரும் குழப்பம் அவருக்கு வந்ததில்லை.

விக் கட்சியைச் சேர்ந்த அவர் 1708-ல் யுத்தக் காரியதரிசியானார். டோரி கட்சியார் அதிகாரத்திற்கு வந்ததும், சேனைக்குத் தீவனம் வாங்கிய காண்ட்ராக்டில் பணம் பண்ணினார் என்று குற்றம் சாட்டி, 1712-ல் சபையினின்றும் நீக்கி, லண்டன் டவர் சிறையில் ஆறு மாதம் வைத்தார்கள். கட்சித் துவேஷமே அதற்குக் காரணம் என்று அவர் சொன்னார். உண்மையும் அதில் உண்டு. ஆயினும் பொதுப் பணத்தின் விஷயத்தில் அவர் கை சுத்தமானது என்று சத்தியம் செய்ய நாம் முன்வரமாட்டோம். உத்தியோகத்தில் இருக்கும்போதே கடற்படையின் படகில் தீர்வை கொடாத ஒயினை இறக்கிக்கொண்டவர் அவர் என்பதைச் சரித்திராசிரியர்கள் பிற்காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கள்ளக்கடத்தலை ஒழிக்கப் பின்னால் மசோதா கொண்டுவந்தவரும் இவரே! அத்தொழிலின் நுட்பங்களை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று நாம் ஆச்சரியப்படவேண்டியதில்லை.

1714-ல் முதலாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் விக் கட்சிக்கு நல்ல காலம் பிறந்தது. 1720-ல் தென் கடல் கம்பெனியின் பங்குகள், வருஷத் தொடக்கத்தில் நூறு பவுன் சொச்சத்தில் இருந்தவை, கோடைகாலத்தில் ஆயிரம் பவுன் வரையில் ஏறி, வருஷ முடிவுக்குள் பழைய நிலைக்கே விழுந்தன. பிரபுக்களும் பாதிரிகளும் விதவைகளும் ஒன்றாகச் சொத்தை இழந்தார்கள். மந்திரிகளே லஞ்சமாகப் பங்குகள் வாங்கியிருந்தது வெளிப்பட்டது. அச்சமயத்தில் நாட்டின் நாணயத்தை நிலைநிறுத்தக்கூடியவர் வால்போலே என்று எல்லாரும் அவரை நோக்கினார்கள். 1721-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் பொக்கிஷத்தின் முதல் பிரபுவும் நிதி மந்திரியுமானார். பொக்கிஷம் காப்பாற்றப்பட்டது, அதனுடன் அரண்மனையைச் சேர்ந்த குற்றவாளிகள் பலரும் காப்பாற்றப்பட்டார்கள். திரை போட்டு மறைப்பதில் வல்லவர் என்ற பரிகாசப் பெயர் அவருக்கு அப்போது ஏற்பட்டது.

பிரதம மந்திரி என்ற பதவி அக்காலத்தில் சட்டத்தில் இல்லை. அச்சொல்லே வசைச்சொல்லாக வழங்கிற்று. அப்பதவியை நடைமுறையில் உண்டாக்கியவர் வால்போல். இரண்டாம் ஜார்ஜ் கொடுத்த டௌனிங் தெரு வீட்டைத் தமக்கென்று வாங்கிக்கொள்ளாமல், பொக்கிஷ முதல் பிரபுவின் உத்தியோக வாசஸ்தலமாக ஏற்றுக்கொண்டு 1735-ல் அதில் குடிபுகுந்தார். பிரபுக்கள் சபைக்குப் போகாமல் காமன்ஸ் சபையிலேயே இருந்துகொண்டு, பெரும்பான்மையைத் தம் கையில் வைத்துக்கொண்டு ஆண்டார். அப்பெரும்பான்மை உத்தியோகங்களாலும் உபகாரச் சம்பளங்களாலும் கட்டி வைத்த பெரும்பான்மை என்பதும் உலகறிந்ததே.

உப்பும் நிலமும்

அவருடைய நிதிக் கொள்கை எளிமையானது. யுத்தம் கூடாது, கடன் குறையவேண்டும், வர்த்தகம் பெருகவேண்டும், நிலச்சுவான்தார்களின் பாரம் இறங்கவேண்டும். யுத்த காலத்தில் நிலவரி பவுனுக்கு 4 ஷில்லிங்காக இருந்தது. அதை 1732-ல் ஒரு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தார். அந்த நஷ்டத்தை எதனால் ஈடுசெய்தார் தெரியுமா? இரண்டு வருஷங்களுக்குமுன் 1730-ல் தாமே எடுத்துவிட்ட உப்பு வரியை மறுபடியும் போட்டார்! நிலம் உடையவனுக்குச் சலுகை. கஞ்சிக்கு உப்பிட்டுக் குடிப்பவனுக்கு வரி. உப்பை எல்லாரும் உண்பதால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதே நியாயம் என்று அவர் வாதித்தார். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவாக விதிக்கப்படும் வரி சமமான வரி அன்று என்பதை எதிர்க்கட்சியினர் அன்றே எடுத்துக்காட்டினார்கள். இங்கிலாந்து 1825-ல் தன் ஜனங்களின் தலையிலிருந்து உப்பு வரியை இறக்கிவிட்டது. அதே இங்கிலாந்து இந்தியாவில் 1947 வரையில் அதனை விடவில்லை. 1930-ல் வேதாரணியத்தின் உப்பளத்தில் நடந்ததை நமது நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

புகையிலை மோசடி

நிற்க. உப்பில் வெற்றிபெற்ற மந்திரி அடுத்தபடியாகப் புகையிலையின்மேல் கண் வைத்தார். இங்குதான் விஷயம் சிக்கலாகிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் கவனிக்கவேண்டுகிறோம்.

அக்காலத்தில் புகையிலை வர்ஜீனியா, மேரிலாந்து குடியேற்றங்களிலிருந்து கப்பலில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்த சரக்கு அது. துறைமுகத்தில் இறங்கும்போது ராத்தலுக்கு 6 பென்ஸுக்குச் சிறிது அதிகமாகச் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டது. அதே சரக்கை வெளிநாட்டுக்கு மறுபடியும் ஏற்றுமதி செய்தால், கட்டிய தீர்வையைச் சர்க்கார் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டில்தான் மோசடி புகுந்தது. இறக்குமதியின்போது நிறுவை உத்தியோகஸ்தனுக்கு லஞ்சம் கொடுத்து எடையைக் குறைத்து எழுதச் செய்வார்கள். ஏற்றுமதியின்போது குப்பையும் தண்டும் அடைத்து எடையை அதிகமாக எழுதச் செய்வார்கள். குறைவாகக் கட்டி, அதிகமாகத் திரும்பப் பெறுவது! வெளிநாட்டுக்கு என்று கணக்குக் காட்டிய சரக்கு, இரவில் வேறொரு கரையில் மறுபடியும் வந்து இறங்கும். இவை போதாமல், தேம்ஸ் நதியில் நிற்கும் கப்பல்களிலிருந்து கூலியாட்கள் திருடி விற்பது ஒரு பக்கம். சபையில் வால்போல் காட்டிய கணக்கின்படி மொத்தத் தீர்வை ஏறக்குறைய 7,50,000 பவுன். பொக்கிஷத்துக்கு நிகரமாக வந்து சேர்ந்ததோ சுமார் 1,61,000 பவுன்.

இதில் நஷ்டமடைந்தது சர்க்கார் மட்டுமன்று. வர்ஜீனியாவின் தோட்டக்காரர்கள் லண்டன் கமிஷன் வியாபாரிகளின் கணக்குகளில் ஏமாந்து, பரிகாரம் தேடி, ஜான் ராண்டால்ப் என்பவரை 1732-ல் தூது அனுப்பினார்கள். நாணயமான வியாபாரியும் மோசக்காரனுடன் போட்டியிட முடியாமல் தவித்தான்.

வால்போலின் பரிகாரம் இதுதான். சுங்கம் துறைமுகத்தில் வேண்டாம்; புகையிலை முழுவதும் சர்க்கார் பூட்டும் வியாபாரியின் பூட்டும் போட்ட கிட்டங்கியில் இருக்கட்டும். உள்நாட்டில் விற்பதற்காக வெளியே எடுக்கும்போது மட்டும் எக்ஸைஸ் வரி கொடுத்தால் போதும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் வரியே இல்லை. திருப்பிக் கொடுப்பதென்ற பேச்சும் இல்லை. வியாபாரிக்கு முன்கூட்டிப் பணம் முடங்காது. லண்டன் மாநகரம் உலகத்துக்கே திறந்த துறைமுகமாகும். தேயிலை, காப்பி, சாக்லெட் ஆகியவற்றுக்கு 1724 முதல் அம்முறையே நடந்துவந்தது, வருமானமும் உயர்ந்திருந்தது. புகையிலையில் வெற்றிகண்டபின் ஒயினுக்கும் அதனைக் கொண்டுவர எண்ணினார். நிலவரியை முழுவதும் எடுத்துவிடலாம் என்பது அவர் காட்டிய ஆசை.

ஜனங்களின் ஆத்திரம்

எக்ஸைஸ் என்ற சொல் ஒன்றே போதுமாயிருந்தது. சுங்க உத்தியோகஸ்தன் துறைமுகத்தில் நிற்பவன். எக்ஸைஸ் உத்தியோகஸ்தனோ கடைக்குள் நுழைபவன், கணக்கைக் கேட்பவன், அறையைத் திறக்கச் சொல்பவன். வழக்கு வந்தால் ஜூரி விசாரணை இல்லை, கமிஷனர்களே தீர்ப்பளிப்பார்கள். இன்று புகையிலை, நாளை ரொட்டியும் மாமிசமும் துணியும் என்று பீதி பரவிற்று. போலிங்புரோக் பிரபுவும் புல்டினியும் 1726 முதல் நடத்திவந்த கிராப்ட்ஸ்மன் பத்திரிகை வாரந்தோறும் நெருப்பில் எண்ணெய் ஊற்றிற்று. எக்ஸைஸ் வந்தால் ஆங்கிலேயன் பிரெஞ்சுக் குடியானவனைப்போல மரச்செருப்புப் போட்டுக்கொண்டு அடிமையாக நடப்பான் என்றார்கள். தொகுதிகள் பலவும் தத்தம் பிரதிநிதிகளுக்கு மசோதாவை எதிர்க்கும்படி உத்தரவு எழுதி அனுப்பின. வோட்டுரிமை மிகச் சிலருக்கே இருந்த காலத்தில், வோட்டில்லாத ஜனங்கள் தெருவில் நின்று தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்கள்.

1733-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி வால்போல் தமது திட்டத்தைச் சபைமுன் வைத்தார். புதிதாக நியமிக்கவேண்டிய உத்தியோகஸ்தர் 126 பேரே என்றும், பதிவு செய்த கிட்டங்கியையும் கடையையும் தவிர வேறிடத்தில் வாரண்டு இல்லாமல் நுழையமுடியாது என்றும், தீர்ப்பின்மேல் நீதிபதிகளுக்கு அப்பீல் உண்டு என்றும் விளக்கினார். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அவை அற்பமான பாதுகாப்புகளாகத் தோன்றவில்லை. ஆனால் வாசலில் கூடியிருந்த கூட்டத்தைத் திடகாத்திரமுள்ள பிச்சைக்காரர்கள் என்று அவர் இகழ்ந்து பேசிவிட்டார். வாதத்தில் வெல்லும் மந்திரிகள் வாயினால் தோற்பது அன்று தொடங்கியதன்று, அன்றோடு முடிந்ததுமன்று. நடுநிசிக்குப்பின் வோட்டெடுத்தபோது 265-க்கு 204, அதாவது 61 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீட்டுக்குப் புறப்பட்டபோது கூட்டத்தில் சிலர் அவருடைய மேலங்கியைப் பிடித்து இழுக்க, நண்பர்கள் சூழ்ந்து காப்பாற்றவேண்டியதாயிற்று.

ஒரு மாதத்திற்குள் நிலைமை மாறிவிட்டது. ஏப்ரல் 10-ந் தேதி லண்டன் நகரத்தார் தங்கள் மகஜரைக் கொண்டுவந்தார்கள். வக்கீல் மூலமாகத் தங்கள் கட்சியைச் சொல்ல அனுமதிக்கவேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை 214-க்கு 197 என்ற வோட்டில்தான் தோற்றது. 61 ஆக இருந்த வித்தியாசம் 17 ஆகிவிட்டது. அன்றிரவு விருந்துக்கு வந்த நெருங்கிய நண்பர்களிடம் இவ்விஷயம் இத்தோடு போதும் என்று வால்போல் சொல்லிவிட்டார். ஜனங்களின் இரத்தத்தைச் சிந்தி வரி வசூலிக்கும் மந்திரியாகத் தாம் இருக்கப்போவதில்லை என்று அவர் அச்சமயம் கூறியதாகவும் சொல்வார்கள். மறுநாள் மசோதாவின் இரண்டாவது வாசிப்பு ஜூன் 12-ந் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதாவது, சபை அதற்குள் கலைந்திருக்கும் என்று எதிர்பார்த்த ஒரு தேதிக்கு. லண்டனில் தீபாலங்காரம் செய்தார்கள், மணி அடித்தார்கள். மந்திரியின் கொடும்பாவியையும் கரோலின் ராணியின் கொடும்பாவியையும் கொளுத்தினார்கள்.

யார் செய்தது சரி?

இனி நாம் சொல்லப்போவது தேசத்தொண்டர்கள் சிலருக்கு ருசிக்காமல் இருக்கலாம். அந்த மசோதா நல்ல மசோதா. 1776-ல் ஆடம் ஸ்மித் தமது பெருநூலில், கட்சித் துவேஷமும் கள்ளக்கடத்தல் வியாபாரிகளின் சுயநலமும் சேர்ந்து அதனைக் கொன்றன என்று எழுதினார். 1789-ல் இளைய பிட் புகையிலையின் வரியில் பெரும்பகுதியை எக்ஸைஸுக்கு மாற்றினார். சிம்மாசனமும் ஆடவில்லை, ஆங்கிலேயர் மரச்செருப்பும் போட்டுக்கொள்ளவில்லை. இந்தியாவில் 1943-ல் யுத்தச் செலவுக்காகப் புகையிலைக்கு எக்ஸைஸ் வரி விதித்தபோதும், கிட்டங்கியில் பூட்டிவைத்து வெளியே எடுக்கும்போது வரி வாங்கும் அதே முறையைத்தான் கைக்கொண்டார்கள். மறுவருஷம் இயற்றிய மத்திய எக்ஸைஸ் சட்டத்தின் பெயரிலேயே உப்பும் சேர்ந்திருந்தது!

ஆக, ஜனங்கள் ஏமாற்றப்பட்டார்களா? ஒரு பகுதி உண்மையில் அப்படித்தான். தெருவில் கூவியவர்களில் எத்தனை பேர் மசோதாவைப் படித்தார்கள்? கூவச் சொன்னவர்களில் எத்தனை பேர் நிறுவைக் கல்லில் மோசம் செய்து பிழைத்தவர்கள்? உப்பு வரியை மீண்டும் போட்டபோது பெரிய கலகம் ஒன்றும் எழவில்லை. ஏழையின் வாயில் விழுந்த அடிக்கு நகரத்துச் செல்வர்கள் மகஜர் கொண்டுவரவில்லை. வியாபாரியின் கள்ளக்கணக்குக்கு ஆபத்து வந்தபோது மட்டும் சுதந்திரத்தின் பெயர் அவர்கள் நாவில் வந்தது. கிராப்ட்ஸ்மன் ஆசிரியர்கள் தொழிலால் எமக்கு முன்னோர். ஆயினும் இவ்விஷயத்தில் அவர்கள் பத்திரிகைத் தர்மத்தைக் காத்தார்கள் என்று எம்மால் சொல்லமுடியவில்லை. எதிர்ப்பது பத்திரிகையின் உரிமை. மசோதாவில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது அதன் உரிமையன்று.

ஆனால் மற்றொரு பகுதியும் உண்டு. ஜனங்களின் அச்சம் புகையிலையைப் பற்றியது மட்டுமன்று. உத்தியோகத்தை வீசிப் பெரும்பான்மை சேர்க்கும் ஒரு மந்திரியின் கையில், வோட்டர்களின் கடைக்குள் நுழையும் அதிகாரமுள்ள உத்தியோகஸ்தர்கள் மேலும் சேர்ந்தால், அடுத்த தேர்தல் என்ன ஆகும் என்பதே அவர்களுடைய கேள்வி. அக்கேள்விக்கு வால்போலின் நடத்தையே பதில் சொல்லிற்று. மசோதாவைக் கைவிட்ட இரண்டொரு நாளில், எதிர்த்து நின்ற செஸ்டர்பீல்டு பிரபுவின் அரண்மனை உத்தியோகம் போயிற்று. போல்டன் கோமகனும் காபாம் பிரபுவும் தங்கள் பட்டாளங்களை இழந்தார்கள். ஜனங்களுக்குப் பணிந்தவர், சகாக்களை மன்னிக்கவில்லை. நல்ல சட்டமும் நம்பிக்கைக்குப் பாத்திரமாகாதவர் கையில் அச்சத்தையே விளைக்கும் என்பது இதனால் விளங்கும்.

கடைசி நாட்கள்

பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1734-ல் நடந்த தேர்தலில் பெரும்பான்மை குறைந்தாலும் பதவி நிலைத்தது. போலந்து வாரிசு யுத்தத்தில் ஐரோப்பா முழுவதும் இறங்கியபோது இங்கிலாந்தை அதில் இறங்காமல் காத்தார்; அவ்வருஷம் ஐரோப்பாவில் மாண்ட ஐம்பதினாயிரம் பேரில் ஓர் ஆங்கிலேயனும் இல்லை என்று ராணியிடம் பெருமையுடன் கூறினாராம். 1737-ல் நாடகங்களுக்கு முன்தணிக்கை விதிக்கும் சட்டம் செய்தார். 1738-ல் சபை விவாதங்களைப் பத்திரிகைகள் வெளியிடுவது சபையின் உரிமைக்குப் பங்கம் என்று காமன்ஸ் சபை தீர்மானித்தபோது அதற்குத் துணைநின்றார். இருட்டில் ஆள விரும்பியவர்களுக்குப் பத்திரிகை எப்போதும் விரோதிதானே! 1739-ல், தமக்கு இஷ்டமில்லாமலே, ஸ்பெயினுடன் யுத்தத்திற்கு இசைந்தார். அன்றே ராஜிநாமாச் செய்திருந்தால் அவருடைய பெயர் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது எமது எண்ணம். 1742 பிப்ரவரியில், ஒரு சிறிய தொகுதியின் தேர்தல் தகராறு பற்றிய வோட்டில் 16 வித்தியாசத்தில் தோற்று, ஆர்போர்டு பிரபு என்ற பட்டத்துடன் விலகினார். அவர்மேல் விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். பொக்கிஷத்தின் வக்கீலோ பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனார். கமிட்டியால் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியவில்லை. 1745-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி வால்போல் காலமானார். ஹௌட்டன் மாளிகையில் அவர் திரட்டிய சித்திரங்களைப் பேரன் 1779-ல் ருஷியச் சக்கரவர்த்தினி காதரினுக்கு விற்றுவிட்டான்.

அவரை மகான் என்று சொல்ல நாம் துணியவில்லை. பார்லிமெண்டை விலைகொடுத்து வாங்கியவர். ஏழையின் உப்பில் வரி போட்டவர். ஆனால் சபையில் வோட்டு இருந்தும், அரசரின் ஆதரவு இருந்தும், சட்டம் தம் பக்கம் இருந்தும், சேனையை அழைக்காமல் மசோதாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மனமொப்பாத ஜனங்களிடம் துப்பாக்கிமுனையில் வரி வாங்குவது ராஜாங்கமாகாது என்று உணர்ந்திருந்தார். அவருக்குப்பின் வந்த ஆங்கில மந்திரிகள் அமெரிக்காவில் அதை மறந்தார்கள். இந்தியாவில் நினைவுக்கே கொண்டுவரவில்லை. அதன் பலனை இரண்டு இடத்திலும் அனுபவித்தார்கள்.

மந்திரிகளுக்கு உரிய பாடம் அது. தேசத்தொண்டர்களுக்கு உரிய பாடம் வேறு. வரியை எதிர்க்கவேண்டிய காலம் வரும். அப்போது அஞ்சாமல் எதிர்க்கவேண்டியதே. அதற்குமுன் மசோதாவை முதலிலிருந்து கடைசிவரையில் படிக்கவேண்டும். அது யாருடைய கைப்பணத்தைத் தொடுகிறது, எதிர்க்கும்படி நம்மைத் தூண்டுபவன் யார், அவனுக்கு அதில் லாபம் என்ன என்று கேட்கவேண்டும். புகையிலைக்குக் கூடிய கூட்டம் உப்புக்குக் கூடாமற்போனது இங்கிலாந்தின் சரித்திரத்தில் ஒரு களங்கம். அக்களங்கம் நமது பொதுவாழ்வில் ஏற்படாமல் காப்பது, வோட்டுப் போடுபவர்களாகிய நமது கையில் இருக்கிறது. ஆகவே அலுப்பூட்டும் நாட்களிலும் சபையைக் கவனியுங்கள். நாலு வரிச் செய்தியையும் விடாமல் படியுங்கள்.